வானத்தை ஒட்டுக்கேட்பவளுக்கு

ஜனவரி 12

அன்புள்ள மாஸ்டருக்கு,

வந்து சேர்ந்துவிட்டேன். நீங்கள் பஸ் நிலையத்துக்கு வரவில்லை என்ற கோபத்தில் பாதி வழி வரை ஜன்னல் பக்கம் திரும்பவே இல்லை. மீதி வழியில் திரும்பினேன். பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருக்கிறது. ஊரில் உள்ளவர்களுக்கெல்லாம் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிற மனிதர், சொந்தப் பெண்டாட்டியைப் பஸ் ஏற்றிவிட ஒரு காரை எடுக்கவில்லை. இதைச் சாகும்வரை சொல்லிக்காட்டுவேன். இப்போதே தெரிவித்துவிடுகிறேன்.

கைப்பேசியைச் சோதனைச் சாவடியிலேயே வாங்கி ஒரு பெட்டியில் போட்டுப் பூட்டிவிட்டார்கள். பள்ளத்தாக்கு முழுக்கக் கம்பியில்லாத எந்தக் கருவியும் கூடாது. இங்கே இருக்கிற தொலைநோக்கி பார்ப்பதில்லை, கேட்கிறது. ஒரு விளையாட்டு மைதானத்தைக் குழித்து நிமிர்த்தி வைத்த மாதிரி ஒரு கிண்ணம். வானத்திலிருந்து வரும் வானொலி அலைகளைப் பிடிக்கிறது. அவை அவ்வளவு மெல்லிசு. பக்கத்து மலையில் ஒருவர் கைப்பேசியில் ‘ஹலோ’ என்றால் இதற்கு அது இடி. அதனால் இனி நமக்குக் கடிதம்தான். அலுவலகத்தில் கம்பித் தொலைபேசி ஒன்று இருக்கிறது, ஆனால் அதைச் சுற்றி எப்போதும் ஆள். அத்தனை பேர் முன்னால் உங்களோடு சண்டை போட எனக்கு வெட்கம்.

போன வாரம் என் வேலையை ‘வெட்டி வேலை’ என்றீர்கள். நட்சத்திரங்களைச் சுற்றும் எந்த உலகத்திலாவது நம்மைப் போல யோசிக்கிறவர்கள் இருக்கிறார்களா, அவர்கள் குரல் இங்கே வந்து விழுகிறதா என்று கேட்பது வெட்டி வேலையா? சரி, இருக்கட்டும். இதுவரை ஒரு குரலும் வரவில்லை என்பது உண்மைதான்.

நான் ஓடிப்போகவில்லை. தத்துக் கொடுக்கும் இல்லத்தில் பெயர் எழுதி வைத்து நாலு வருஷம். ‘குழந்தை இருக்கிறது, வாருங்கள்’ என்று வரவேண்டிய அந்த ஒரு போனுக்காக அடுப்படிக்கும் குளியலறைக்கும் கைப்பேசியைத் தூக்கிக்கொண்டு திரிந்தேன். காத்திருப்பதுதான் என் கதி என்றால், அதற்குச் சம்பளமாவது கொடுக்கிற இடத்தில் ஒரு வருஷம் காத்திருக்கிறேனே. வேறொன்றுமில்லை.

இப்படிக்கு,
கோபம் இன்னும் ஆறாத உங்கள் மனைவி

பி.கு.: அறையில் குளிர் எலும்பைத் தின்கிறது. முதுகுவலி என்னோடுதான் பஸ் ஏறி வந்திருக்கிறது.


ஜனவரி 21

அன்புள்ள ஒட்டுக்கேட்பவளுக்கு,

வந்தேன். காரை நிறுத்த இடம் கிடைக்காமல் பஸ் நிலையத்தைச் சுற்றிச் சுற்றி வந்தேன். கடைசியில் ஒரு லாரிக்குப் பின்னால் செருகிவிட்டு ஓடி வந்தபோது உன் பஸ்ஸின் முதுகுதான் தெரிந்தது. கார் நிறுத்தக் கற்றுக்கொடுப்பவனுக்குக் கார் நிறுத்த இடமில்லை. இதையும் சேர்த்துச் சொல்லிக்காட்டு.

இந்தக் கடிதத்தைக் காரிலேயே உட்கார்ந்து எழுதுகிறேன். அடுத்து வரப்போகிறவர் ஒரு பல் டாக்டர். அடுத்தவர் வாயில் ஊசி குத்தக் கை நடுங்காது. எதிரில் சைக்கிள் வந்தால் மட்டும் கண்ணை மூடிக்கொள்கிறார். என் பக்கத்தில் ஒரு பிரேக் இருப்பதால்தான் நீ இன்னும் சுமங்கலி.

உன் வேலையில் எனக்கு ஒரு சந்தேகம். நாலு தெரு கூடுகிற இடத்தில் நாலு காரும் ஒரே நேரத்தில் வந்து, ‘நீங்க போங்க, நீங்க போங்க’ என்று மரியாதையாக நின்றால் என்ன ஆகும்? விடியும்வரை நிற்க வேண்டியதுதான். நீயும் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். அங்கே ஒருத்தி இருந்தால் அவளும் இப்படியே உட்கார்ந்திருப்பாள். யார்தான் முதலில் வாயைத் திறப்பது? யாராவது ஒருவர் ஹாரன் அடிக்க வேண்டாமா?

இதையெல்லாம் எதற்கு முதலில் எழுதுகிறேன் என்றால், அடுத்ததை எழுதக் கை ஓடவில்லை.

போன் வந்துவிட்டது. நீ போன அதே வாரம். நாலு வருஷம் வாயைத் திறக்காத போன், நான் தலையில் சோப்புப் போட்டிருந்தபோது அடித்தது. சோப்போடு ஓடினேன். ஒரு பெண் குழந்தை. ஆறு வயது. காது நன்றாகக் கேட்கிறது, தொண்டையிலும் குறையில்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். ஆனால் இல்லத்துக்கு வந்ததிலிருந்து யாரிடமும் ஒரு வார்த்தை பேசியதில்லை. போன வருஷம் ஒரு குடும்பம் கூட்டிக்கொண்டு போய், ‘சரிப்பட்டு வரல’ என்று திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டதாம். குழந்தை என்ன, அளவு சரியில்லாத செருப்பா? எனக்கு ரத்தம் கொதித்தது. ‘நாங்க பாக்கறோம்மா’ என்று சொல்லிவிட்டேன். உன்னைக் கேட்காமல் சொன்னதற்குத் திட்டு. தள்ளிப் போடச் சொல்லாதே.

முதுகுக்கு, கரண்டில் சூடாகிற ஹீட்டிங் பேட் ஒன்று அனுப்பியிருக்கிறேன். அதற்கு உறை நானே தைத்தேன். சிரிக்கக் கூடாது.

உன்,
மாஸ்டர்


பிப்ரவரி 2

என் மாஸ்டருக்கு,

கேண்டீனில் உட்கார்ந்து படித்து, அங்கேயே அழுதுவிட்டேன். சமையல்காரர் சூப்பில் மிளகு கூடிவிட்டதோ என்று பதறிப்போய் வந்தார். ஆறு வயது! நான் கைக்குழந்தைக்குத் தொட்டில் வரைக்கும் யோசித்து வைத்திருந்தேன். பரவாயில்லை, நன்றாகச் செய்தீர்கள். திட்டவில்லை. ஆனால் பயமாக இருக்கிறது.

உங்கள் ஹாரன் கேள்விக்குப் பதில். சிலர் அனுப்பத்தான் சொல்கிறார்கள். அனுப்பக் கூடாது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள், கேட்கிறவர் நல்லவரா கெட்டவரா என்று யாருக்குத் தெரியும்? இன்னொன்று, தூரம். பக்கத்தில் இருக்கிற நட்சத்திரத்துக்கே நாம் சொன்னது போய்ப் பதில் வர வருஷங்கள் ஆகும். தூரத்தில் இருப்பதென்றால், கேள்வி கேட்டவர் போய், அவர் பேரப்பிள்ளைகளும் போய், அப்புறம்தான் பதில் வரும். அங்கே யாராவது இருக்கிறார்களா என்று கேட்டால், இவ்வளவு பெரிய கட்டடத்தில் நாம் ஒரு வீடு மட்டும் குடியிருக்கிறோம் என்று நம்ப எனக்கு மனசு வரவில்லை. ஆனால் மனசு வரவில்லை என்பது ஆதாரமாகாது. அதனால் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

மொழியே தெரியாத ஒருவரோடு எப்படிப் பேச ஆரம்பிப்பது என்று எங்கள் ஆட்கள் நிறைய யோசித்திருக்கிறார்கள். எண்களில் ஆரம்பிக்கலாம் என்பார்கள். இரண்டு, மூன்று, ஐந்து, ஏழு என்று, ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதனாலும் வகுபடாத எண்களைத் தட்ட வேண்டும். காற்றும் மழையும் அப்படித் தட்டாது. தட்டினால் அந்தப் பக்கம் யோசிக்கிற ஆள் இருக்கிறது என்று அர்த்தம். அவளிடம் முயன்று பாருங்களேன்.

பேட் வந்தது. சொர்க்கம். மின்சாரத்தில் ஓடுகிற எதையும் இங்கே முதலில் ஒருவரிடம் காட்ட வேண்டும். தொலைநோக்கியின் காதைக் கெடுக்கிற சத்தம் எங்கிருந்து வருகிறது என்று ஒரு கம்பியை நீட்டிக்கொண்டு பள்ளத்தாக்கெல்லாம் அலைகிறவர். மோப்பக்காரர் என்று பெயர். காட்டினால் கத்தரிக்கோலை எடுத்து உறையைப் பிரித்துவிடுவார். நீங்கள் கோணல்மாணலாகத் தைத்ததைப் பிரிக்க எனக்கு மனசில்லை. வெறும் கம்பியும் சூடும்தானே, அதில் என்ன வந்துவிடப் போகிறது? மெத்தைக்கு அடியில் வைத்துக்கொண்டேன்.

அவளைப் பற்றி இன்னும் எழுதுங்கள். கார் கதை குறைவாகவும் அவள் கதை அதிகமாகவும்.

உங்கள்,
ஒட்டுக்கேட்பவள்


பிப்ரவரி 14

அன்புள்ள ஒட்டுக்கேட்பவளுக்கு,

உன் எண் வைத்தியம் பலிக்கவில்லை. இல்லத்தில் பார்வையாளர் அறையில் அவள் எதிரில் உட்கார்ந்து, தேக்கரண்டியால் மேசையில் தட்டினேன். இரண்டு. மூன்று. ஐந்து. ஏழு தட்ட ஆரம்பித்தபோது அவள் எழுந்து வந்தாள். என் கையிலிருந்து கரண்டியை மெதுவாக வாங்கினாள். மேசை இழுப்பறையில் வைத்து மூடினாள். திரும்பிப் போய் உட்கார்ந்துகொண்டாள். தீர்ப்பு சொல்லியாயிற்று, வழக்கு முடிந்தது. அன்றிலிருந்து எனக்கு அவள் ஜட்ஜம்மா.

என்ன முகம் தெரியுமா! இரண்டு பின்னல், ஒன்று எப்போதும் அவிழ்ந்திருக்கும். பேசாமல் பார்ப்பாள். நான் சும்மா இருப்பேனா? பல் டாக்டர் கதை, உன் கதை, கிண்ணம் கதை எல்லாம் அளந்தேன். எதற்கும் அசைவில்லை. இல்லத்து அம்மா கதவோரம் நின்று பார்த்துவிட்டு, “சார், கொஞ்சம் மூச்சு விடுங்க. நீங்க நிறுத்தினாத்தானே குழந்தைக்கு இடம் கிடைக்கும்” என்றார்.

அடுத்த முறை போனபோது வாயை இறுக்க மூடிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் பட்ட பாடு உனக்குத்தான் தெரியும். கொஞ்ச நேரம் கழித்து அவள் தன் பிஸ்கட்டை உடைத்தாள். பாதியைத் தின்றாள். மீதிப் பாதியை விரலால் மேசையின் நடுக்கோட்டைத் தாண்டி என் பக்கம் தள்ளினாள். பார்க்கவில்லை, சிரிக்கவில்லை, தள்ளினாள், அவ்வளவுதான்.

இனி முக்கியமான விஷயம். அடுத்த மாதத்திலிருந்து வார இறுதியில் நம் வீட்டுக்குக் கூட்டி வரலாம். ஏப்ரல் பத்தாம் தேதி நிரந்தரமாக. அன்றைக்கு இரண்டு பேரும் வீட்டில் இருக்க வேண்டும். இருந்துவிட்டு மறுநாள் பஸ் ஏறுவதெல்லாம் கூடாது, இரண்டு பேரும் அங்கேயே வாழ வேண்டும். அது முடியாது என்றால் அடுத்துக் காத்திருக்கும் குடும்பத்துக்கு அவளைக் கொடுக்கப் பார்ப்பார்களாம். இல்லத்து அம்மா கடுமையாகச் சொல்லவில்லை. ஒரு முறை திருப்பி அனுப்பப்பட்ட குழந்தை, இன்னொரு முறை தாங்காது என்று மட்டும் சொன்னார்.

வருவாய்தானே?

உன்,
மாஸ்டர்


பிப்ரவரி 27

என் மாஸ்டருக்கு,

அரை பிஸ்கட் பற்றி: ஒரு முறை நடந்தால் தற்செயலாக இருக்கலாம். பசி இல்லாமல் இருந்திருக்கலாம். மறுபடியும் நடக்கிறதா என்று கவனித்து எழுதுங்கள். (இப்படி எழுதிவிட்டு, அந்த இடத்தை நான் எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன்.)

ஏப்ரலில் வருவது பற்றி எழுதத்தான் உட்கார்ந்தேன். அதற்குள் ஒன்று நடந்துவிட்டது. இது உங்களுக்கும் எனக்கும் மட்டும். பல் டாக்டருக்குக் கூடத் தெரியக் கூடாது.

ஒரு நட்சத்திரத்தின் பக்கம் கிண்ணம் திரும்பியிருக்கும்போது ஒரு துடிப்பு கேட்கிறது. கொஞ்ச நேரம் வரும், நிற்கும், மறுபடி வரும். முதலில் செய்கிற சோதனை என்னவென்றால், கிண்ணத்தை அந்த நட்சத்திரத்திலிருந்து விலக்கிப் பார்ப்போம். விலக்கிய பிறகும் கேட்டால் அது நம் பூமியின் சத்தம், யாரோ எதையோ தப்பாகப் பற்றவைத்திருக்கிறார்கள். விலக்கியதும் நின்றால், வானத்திலிருந்து வருகிறது. மாஸ்டர், நின்றுவிடுகிறது. ஒவ்வொரு முறையும்.

என் துரதிர்ஷ்டம், இது என் ஷிப்டில் வருவதே இல்லை. நான் வேலை முடித்து அறைக்குப் போய்ப் படுத்த பிறகுதான் வருகிறது. உடனே அறையில் இருக்கிற உள்தொலைபேசியில் கூப்பிடுவார்கள் (அதில் வெளியூருக்குப் பேச முடியாது). எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கோட்டை மாட்டிக்கொண்டு ஓடுவேன். நான் மூச்சு வாங்கிக்கொண்டு போய் நிற்பதற்குள் கிண்ணத்தை விலக்கியிருப்பார்கள், சத்தமும் நின்றிருக்கும். என் உதவியாளர் ஒரு பெண், ‘அவசரம்’ என்று கூப்பிடுவோம். “அக்கா, அது உங்களைக் கண்டா ஓடுது” என்று கேலி செய்கிறாள்.

யாரும் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் மெதுவாக நடக்கிறார்கள், வீட்டில் குழந்தை தூங்குகிற மாதிரி. இது உண்மையாக இருந்தால், இந்தத் திட்டத்தின் தலைவி நான். ஏப்ரலில் கிளம்ப முடியாது. எப்படிக் கிளம்புவேன், நீங்களே சொல்லுங்கள். இல்லத்து அம்மாவிடம் இரண்டு மாதம் தவணை கேட்க முடியுமா?

கோபப்படாதீர்கள்.

உங்கள்,
ஒட்டுக்கேட்பவள்


மார்ச் 8

அன்புள்ளவளுக்கு,

கோபப்பட்டேன். ஒரு நாள் முழுக்க. பாவம் பல் டாக்டர், அன்றைக்கு நான் திட்டிய திட்டில் கண்ணைத் திறந்துகொண்டே சைக்கிளைக் கடந்துவிட்டார்.

தவணை கேட்டேன். கிடைக்காது. ஏப்ரல் பத்து என்றால் பத்துதான். அவர்களைக் குறை சொல்ல முடியவில்லை. எத்தனை பேர் இரண்டு மாதம், ஆறு மாதம் என்று சொல்லிச் சொல்லி அந்தக் குழந்தைகளை வாசலைப் பார்க்க வைத்திருப்பார்கள்.

பிஸ்கட் மறுபடியும் வந்தது. அதற்கடுத்த முறையும். உன் விஞ்ஞானத்துக்கு இது போதுமா, இன்னும் வேண்டுமா?

நேற்று முதல் முறையாக வீட்டுக்கு வந்தாள். ஒவ்வொரு அறையாகப் போய் நின்று பார்த்தாள், வாடகைக்கு வீடு பார்க்க வந்தவளைப் போல. கூடத்தில் உன் படத்துக்கு முன்னால்தான் அதிக நேரம். “இவங்கதான் வானத்தைக் கேட்டுக்கிட்டு இருக்காங்க” என்றேன். படத்தில் உன் காதை விரலால் தொட்டாள்.

ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். நீ சொன்னாய், தூரத்து நட்சத்திரத்திலிருந்து குரல் வர எத்தனையோ காலம் ஆகும் என்று. அப்படியானால் இன்றைக்கு நீ கேட்கிறவர் என்றைக்கோ பேசிவிட்டார். நீ பதில் சொன்னாலும் அது போய்ச் சேர நம் காலம் போதாது. அவர்களுக்கு அவசரமில்லை. இவளுக்கு இருக்கிறது.

உன்னை வா என்று கட்டாயப்படுத்தவில்லை. உன் வாழ்நாள் முழுக்க நீ எதிர்பார்த்த சத்தம் வந்திருக்கிறது. அதை விட்டுவிட்டு வா என்று சொன்னால் நான் என்ன புருஷன்? சொல்லாமலும் இருக்க முடியவில்லை. என்ன செய்வது என்று தெரியாமல் காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறேன். துடைத்துத் துடைத்துப் பெயின்ட் போய்விடும் போலிருக்கிறது.

உன்,
மாஸ்டர்


மார்ச் 19

மாஸ்டருக்கு,

கண்டுபிடித்துவிட்டோம். அந்த வேற்றுலகத்து அறிவாளி நீங்கள்தான்.

சிரிக்காமல் படியுங்கள். எனக்கு இரண்டு நாளாகக் காய்ச்சல். மெத்தையில் சுருண்டு கிடந்தேன். அறைத் தொலைபேசி அடித்தது. “அக்கா, வந்துடுச்சு, ஓடி வாங்க!” என்றாள் அவசரம். எழுந்திருக்க முடியவில்லை. “நீயே பாரும்மா, கிண்ணத்தை விலக்கு, நான் லைன்லயே இருக்கேன்” என்றேன். கிண்ணம் திரும்பி முடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். பிறகு ஒரு கூச்சல்.

“அக்கா, விலக்கியாச்சு, இன்னும் வருது! வேற பக்கம் திருப்பினாலும் வருது! வானம் பூரா வருது அக்கா!”

பாவம், அவள் சந்தோஷத்தில் அழுகிறாள். அப்போது என் முதுகுக்கு அடியில் ‘டிக்’ என்று ஒரு சத்தம்.

“இப்போ நின்னுடுச்சு” என்றாள்.

கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் ‘டிக்.’

“மறுபடியும் வந்துடுச்சு!”

சூடு ஏறினால் தானாக அணைந்து, ஆறினால் தானாகப் பற்றிக்கொள்கிறது உங்கள் பேட். உள்ளே ஏதோ ஒரு சின்ன இணைப்பு பழுது. பற்றிக்கொள்ளும்போதெல்லாம் தீப்பொறி விட்டு விட்டு வானொலி அலையில் தடதடக்கிறது. நான் வேலையில் இருக்கும்போது அது அணைந்திருக்கும், அதனால் என் ஷிப்டில் சத்தமில்லை. படுத்தால் ஆரம்பிக்கும். கூப்பிட்டால், பொறுப்பான பெண்ணாக எல்லாவற்றையும் அணைத்துவிட்டுத்தானே ஓடுகிறேன்? அவர்கள் கிண்ணத்தை விலக்குகிற நேரமும் நான் சுவிட்சை அணைக்கிற நேரமும் ஒவ்வொரு முறையும் ஒன்றாகவே இருந்திருக்கிறது. அது என்னைக் கண்டு ஓடவில்லை. நான்தான் அதன்மேல் படுத்திருந்தேன்.

எல்லோரையும் கூட்டி வைத்து நானே சொன்னேன். மோப்பக்காரர் பேடைச் செத்த எலியைப் போல இரண்டு விரலால் தூக்கிக்கொண்டு போனார். உறையைப் பிரிக்காமல் கொடுங்கள் என்று கெஞ்சினேன். பிரித்துவிட்டார்.

அறைக்கு வந்து சிரித்தேன். அப்புறம் அழுதேன். ஒரு மாதம் நாங்கள் எல்லோரும் மெதுவாக நடந்தோமே, அது திரும்ப வராது.

எங்கள் இயக்குநர் அம்மாள் திட்டவில்லை. தன் தப்பைத் தானே எழுந்து நின்று சொல்கிற ஆள்தான் இந்த வேலைக்கு வேண்டும் என்றார். இன்னும் மூன்று வருஷம் இருக்கச் சொல்கிறார். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.

உங்களிடம் மறைக்க மாட்டேன். சத்தம் பொய் என்று ஆன பிறகு எனக்கு வராமலிருக்கக் காரணமே இல்லை. ஆனாலும் தயங்குகிறேன். ஊரிலிருந்தும் இங்கிருந்துமாக இருபது வருஷம், பதில் சொல்லாத ஒன்றைக் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டேன். நட்சத்திரம் பேசாவிட்டால் அதற்கு என்னைப் பிடிக்கவில்லை என்று அர்த்தமில்லை. ஆறு வயதுக் குழந்தை என் முகத்தைப் பார்த்துப் பேசாமல் இருந்தால்? உங்களுக்குப் பிஸ்கட் கிடைத்தது. எனக்கு ஒன்றுமே கிடைக்காவிட்டால்? அவளைத் தாங்க முடியாமல் நானும் முகம் சுளித்து, அது அவளுக்குத் தெரிந்துவிட்டால்? இரண்டு முறை திருப்பி விடப்பட்ட குழந்தையாக அவளை ஆக்கிவிட நான் யார்? நல்ல அம்மா ஒருத்தி வரிசையில் நின்றுகொண்டிருக்கலாம்.

எனக்குப் பயமாக இருக்கிறது, மாஸ்டர். வேறு காரணம் சொன்னால் பொய்.

உங்கள் மனைவி


மார்ச் 28

என் ஒட்டுக்கேட்பவளுக்கு,

பயமாக இருக்கிறது என்கிறாய். ‘பயப்படாதே’ என்று எல்லா மாணவர்களிடமும் சொல்கிறேன். இதுவரை ஒருவருக்கும் பயம் போனதில்லை. பயத்தோடுதான் ஓட்டுகிறார்கள், ஓட்டி ஓட்டித்தான் போகிறது. அதனால் அதை விட்டுவிட்டு, நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

சனிக்கிழமை காலையில் உன் கடிதத்தில் பேட் கதை இருக்கிற இடத்தை ஜட்ஜம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். உன் பயம் இருக்கிற இடத்தைப் படிக்கவில்லை. செத்த எலி என்ற இடம் வந்ததும் நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிஸ்கட்டை உடைக்கவும் இல்லை. நான் ஏதோ தப்பு செய்துவிட்டேன் என்று மட்டும் புரிந்தது.

மறுநாள் இல்லத்தில் கொண்டுபோய் விடக் காரில் போனோம். பின்னால் உட்கார்ந்திருந்தாள். அவிழ்ந்த பின்னலைப் பிடித்து முறுக்கிக்கொண்டே வந்தாள். மார்க்கெட் பக்கத்து நாலு தெரு சந்திப்பில் திரும்பும்போது பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. கரகரவென்று, ரொம்ப நாள் திறக்காத கதவு மாதிரி.

“மேல இருக்கறவங்க கூப்பிட்டா, அம்மா போயிடுவாங்களா?”

இன்ஜின் அணைந்துவிட்டது. நான் அணைத்துவிட்டேன். கிளட்ச், பிரேக், எல்லாம் மறந்துபோய், முதல் நாள் மாணவனைப் போல நடுச் சந்திப்பில் நின்றுவிட்டேன். நாலு பக்கமும் ஹாரன். ஒருவர் ஜன்னலில் தலையை நீட்டி, “வண்டி ஓட்டத் தெரியாதவனுக்கெல்லாம் எவன்யா லைசென்ஸ் கொடுத்தது?” என்று கத்தினார். என் கார் மேலே ‘டிரைவிங் ஸ்கூல்’ என்று பெரிதாக எழுதியிருக்கிறது.

அவள் இல்லத்து அம்மாவைப் பற்றிக் கேட்கவில்லை. பெற்றவளைப் பற்றியும் கேட்கவில்லை. படத்தில் யார் காதைத் தொட்டுப் பார்த்தாளோ, அந்த உன்னைப் பற்றித்தான் கேட்டாள். உன்னைப் பார்த்ததே இல்லை. அதற்குள் நீ போய்விடுவாயோ என்று பயப்படுகிறாள். நீ என்னடா என்றால், அவளுக்கு உன்னைப் பிடிக்காதோ என்று பயப்படுகிறாய். நான் நடுவில் உட்கார்ந்து இரண்டு பேருக்கும் காரோட்டுகிறேன்.

‘போகமாட்டாங்கடா கண்ணு’ என்று சொல்ல வாய் வரை வந்தது. சொல்லவில்லை. நீ சொல்லாததை நான் எப்படிச் சொல்வேன்? இன்னொருவர் கொடுத்த வாக்கும் அவளுக்குப் பொய்யாகிப் போவதை விட, தெரியாது என்பது மேல். “எனக்குத் தெரியலம்மா. கேட்டுச் சொல்றேன்” என்றேன். தலையை ஆட்டினாள். அதற்குப் பிறகு ஒரு வார்த்தை இல்லை.

கேட்டுவிட்டேன். பதில் எழுது. போகமாட்டேன் என்றால் அதை எழுது. போவேன் என்றாலும் எழுது, அவளிடம் எப்படிச் சொல்வது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். எதை எழுதினாலும் உன்மேல் எனக்கு இருக்கிற பிரியம் ஒரு துளி குறையாது. ஆனால் உண்மையை எழுது.

உன்,
மாஸ்டர்


ஏப்ரல் 3

என் மாஸ்டருக்கு,

இந்தக் கடிதம் வருகிற தபால் வண்டிக்கு அடுத்த வண்டியில் நான் வருகிறேன். இயக்குநர் அம்மாளிடம் சொல்லிவிட்டேன். “வானம் எங்கேயும் போகாது, ஏப்ரல் பத்து போயிடும்” என்றேன். “அப்ப இன்னும் ஏன் இங்க நிக்கறே?” என்று கேட்டார். அவசரம் என் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்து, அதன் உயரத்தைச் சரிசெய்துவிட்டாள். நன்றாகக் கேட்பாள். எனக்கு அவள்மேல் கொஞ்சம் பொறாமை. அதையும் கொண்டுதான் வருகிறேன்.

பயம் போகவில்லை. ஓட்டிப் பார்க்கிறேன்.

பஸ் நிலையத்துக்கு வந்துவிடுங்கள். நிறுத்த இடம் தேட முன்கூட்டியே கிளம்புங்கள்.

கீழே இருப்பதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். நீங்கள் நடுவில் எதையும் சேர்க்கக் கூடாது.

கண்ணம்மா, நீ கேட்டதாக அப்பா எழுதியிருந்தார். மேலே யாராவது இருக்கிறார்களா என்று எனக்கு உண்மையாகவே தெரியாது. ரொம்ப நாளாகத் தேடுகிறேன். இருப்பார்கள் என்றுதான் நினைக்கிறேன். இதுவரை யாரும் கூப்பிடவில்லை. இனிமேல் என்றைக்காவது கூப்பிடலாம். கூப்பிட்டாலும் நான் போகமாட்டேன். “எங்க பொண்ணு சாப்பிட்டுக்கிட்டு இருக்கா, அப்புறம் கூப்பிடுங்க”ன்னு சொல்லி வைத்துவிடுவேன்.

அம்மா